வெள்ள வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்?

இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது சட்டத்தரணி அனுப்பும் ஆவணங்களுக்குள் வெள்ள அபாய அறிக்கையும் இருக்கும். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கும் நாம் அதன் வரைபடத்தில் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுகிறோம். அந்த நிறம் ஒரு கணினி மாதிரி தந்த விடை. உண்மையான வெள்ளத்தோடு ஒப்பிட்டால்தான் அது எவ்வளவு சரி என்று தெரியும்.

பெய்யும் மழை, நிலத்தில் ஊறும் அளவு, மேடு பள்ளம், ஆற்றுப்படுகை நீரோட்டத்துக்குக் கொடுக்கும் தடை ஆகியவற்றைக் கொண்டு மாதிரி நீர்மட்டத்தைக் கணிக்கிறது. இந்தத் தடையை நேரடியாக அளக்க முடியாது. பழைய வெள்ளமொன்றோடு விடை பொருந்தும்வரை அதைக் கூட்டிக் குறைப்பார்கள்.

வர்த்தகம் படித்த நமக்கு இங்கே ஒரு பழைய பாடம் நினைவுக்கு வரும். பரீட்சை மீதி சமப்பட்டாலும் உள்ளே ஈடுசெய்யும் வழுக்கள் இருக்கலாம். நீரின் அளவைக் குறைத்து, தடையைக் கூட்டினாலும் அதே நீர்மட்டம் வந்துவிடும். ஆகவே ஒரு வெள்ளத்தில் சரிசெய்த மாதிரியை வேறொரு வெள்ளத்தில் சோதிக்க வேண்டும்.

சோதிப்பதற்குத் தடயங்கள் வேண்டும். 2005 ஜனவரி 8இல் வட இங்கிலாந்தின் கார்லைல் நகரை ஈடன், கால்டியூ, பெட்டரில் ஆறுகள் மூழ்கடித்தன, மூவர் இறந்தனர். ஆற்றிலுள்ள அளவுமானி அது நிற்கும் இடத்தின் மட்டத்தையே சொல்லும். அதனால் ஆய்வாளர்கள் சுவர்களில் பதிந்த நீர்க்கோடுகளையும் ஒதுங்கிய குப்பைக் கோடுகளையும் நகரெங்கும் அளந்து, மாதிரியின் விடையோடு ஒப்பிட்டனர். இந்தத் தடயங்களிலும் பிழை உண்டு: நீர் வடியும்போது தங்கிய குப்பை, உச்ச மட்டத்தைவிடக் கீழே நிற்கும்.

சராசரிப் பிழையை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. ஒரு தெருவில் 50 செ.மீ. கூடுதல், அடுத்த தெருவில் 50 செ.மீ. குறைவு என்றால் சராசரி பூச்சியம். இரண்டாவது தெருவில் வீடு வாங்கியவருக்கோ முழங்காலளவு தண்ணீர்.

கார்லைலின் புதிய வெள்ளத் தடுப்புகள் 2010இல் நிறைவடைந்தன. 2015 டிசம்பர் 5இல் டெஸ்மண்ட் புயலின்போது, அதே கம்பிரியாவின் ஹொனிஸ்ரர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. மழை பதிவானது. நீர் தடுப்புகளைத் தாண்டி மீண்டும் நகருக்குள் புகுந்தது. நடந்த வெள்ளத்துக்குப் பொருந்திய கணக்கு, அதைவிடப் பெரிய வெள்ளத்துக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே வீடு வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம்: இந்த வரைபடம் எந்த வெள்ளத்தோடு ஒப்பிடப்பட்டது? நம் தெருவில் வேறுபாடு எவ்வளவு? அதன்பின் அதைவிடப் பெரிய வெள்ளம் வந்ததா? எப்போதாவது வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டால், சுவரைக் கழுவுமுன் நீர்க்கோட்டை அளவுநாடாவோடு படமெடுத்து, திகதியும் நேரமும் குறித்து வைப்போம். காப்புறுதிக்கும் உதவும், அடுத்த மாதிரியைச் சோதிப்பவர்களுக்கும் அதுவே சான்று.