கடன் கேட்கும் உடல்: அபினும் நெகிரி செம்பிலான் தோட்டப்புறமும்

மலாய் மொழியில் போதைப்பொருளுக்கு ஆட்பட்டவனைப் 'பெனாகிஹ்' என்பர். 'தாகிஹ்' என்னும் அடிச்சொல்லுக்குக் கடனைத் திருப்பிக் கேட்டல் என்பது பொருள். கடன் கொடுத்தவன் வாசலில் நின்று கேட்பது போல உடல் நின்று கேட்கிறது என்பதே அச்சொல்லின் உட்கிடை. தமிழில் நாம் 'போதைக்கு அடிமை' என்கிறோம். இவ்விரு வழக்குகளுள் உடலியல் உண்மைக்கு அணுக்கமானது எது என்பதை இவ்வுரையில் ஆராயப் புகுகின்றோம்.

நெகிரி செம்பிலானுக்கு அபின் வந்தது ஈயச் சுரங்கத்தின் வழியாக. 19ஆம் நூற்றாண்டில் லுக்குட்டிலும் சுங்கை ஊஜோங்கிலும் ஈயம் தோண்டிய சீனத் தொழிலாளர், காய்ச்சிப் பதப்படுத்திய அபினாகிய 'சண்டு'வைப் புகைத்தனர். மூலச்சரக்கு இந்தியாவில் விளைந்து, கல்கத்தாவில் ஏலம் போய்க் கப்பலேறியது. விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே இருப்புப்பாதை ஓடத் தொடங்கிற்று. காப்பித் தோட்டங்களும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் பெருகத் தமிழர் லயங்களில் குடியேறினர். அவர்தம் கூலியில் ஒரு பங்கு கள்ளுக்கடை வழியே திரும்பிச் சென்றது. சுரங்கத்தார் கூலி சண்டுக்கடை வழியே சென்றது. கடை வேறு, கணக்கு ஒன்றே.

1907இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் ஐக்கிய மலாய் நாடுகளுக்குமாக ஓர் அபின் ஆணையம் அமைக்கப்பெற்றது. 1908இல் வெளிவந்த அதன் அறிக்கை, அளவோடு புகைப்பதால் பெருந்தீங்கு விளையாது என்னும் பக்கமே சாய்ந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி அக்காலத்தில் அபினிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் அச்சாய்வு வியப்பளிப்பதன்று. 1910இல் குத்தகை ஒழிந்து அரசே வணிகராயிற்று. புகைத்தலை முற்றாகத் தடைசெய்யும் முடிவை ஆங்கிலேயர் அறிவித்தது 1943இல். அப்போது மலாயா அவர் கையில் இல்லை!

ஆணையத்தார் மறைத்தார் என்று மட்டும் கூறுதல் முறையாகாது. அபின் உடலில் எங்கே சென்று பற்றுகிறது என்பது அன்று உலகில் எவருக்கும் தெரியாது. கிரேக்கத்தில் 'சாறு' என்னும் பொருளில் பிறந்த சொல், அரபியில் 'அஃப்யூன்' ஆகித் தமிழில் 'அபின்' என நின்றது. வடமொழியார் அதற்குப் 'பாம்பின் நுரை' என்று பொருள்படும் 'அஹிபேனம்' என்னும் வடிவம் தந்தனர். ஒலி ஒப்புமையால் எழுந்த புனைவு அது. எனினும் அச்சத்தைச் சரியாகவே பிடித்தது. (நம் குருமாவில் அரைத்து விடும் கசகசா அதே செடியின் விதைதான், பாலோ விதையில் இல்லை, காயின் தோலில் ஊறுவது.)

1973இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகியோர் மூளையில் அபினிப்பொருள்கள் பற்றும் 'ஏற்பி'களைக் காட்டினர். 1975இல் அபர்டீனில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் ஆகியோர், பன்றியின் மூளையிலிருந்து உடல் தானே சுரக்கும் அபினிப்பொருளைப் பிரித்தெடுத்து, 'தலைக்குள் உள்ளது' என்னும் பொருளில் 'என்கெஃபலின்' எனப் பெயரிட்டனர். பூட்டு முன்னமே உடலில் உண்டு. அபின் வெளியிலிருந்து வந்த கள்ளச்சாவி.

அவ்வேற்பிகள் தண்டுவடத்திலும் குடலிலும் மூளைத்தண்டிலும் உள்ளன. ஆதலால் ஒரே மருந்து வலியைத் தணிக்கிறது, மலத்தைக் கட்டுகிறது, மூச்சைத் தளர்த்துகிறது. நாள்தோறும் மருந்து அழுத்த, நரம்பணுக்கள் எதிர்விசையைக் கூட்டிக்கொள்கின்றன. பழைய அளவு போதாமற் போகிறது. மருந்தைச் சட்டென நிறுத்தினால் அவ்வெதிர்விசை தடையின்றி எழுந்து வியர்வையும் வயிற்றுப்போக்கும் மயிர்க்கூச்சும் உடல்நோவுமாக வெளிப்படுகிறது. மலாய்ச் சொல் குறிக்கும் கடன் இதுவே.

'போதை' என்னும் ஒரு சொல்லில் இவையனைத்தையும் அடைத்ததால் நேரும் தீங்கு சிறிதன்று. புற்றுநோயாளிக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதினால், அடிமையாகிவிடுவார் என்று அஞ்சிக் குடும்பத்தார் மறுக்கின்றனர். உடல் பழகுவதாகிய சார்புநிலை வேறு. தீங்கறிந்தும் தேடி அலையும் நிலை வேறு. முன்னது மருந்துண்ணும் எவர்க்கும் வரலாம். அளவை மெல்லக் குறைத்தால் நீங்கும். இன்னொன்று உயிரையே வாங்குவது. மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பியவனைத் 'திருந்திவிட்டான்' என்கிறோம். அவன் உடலோ பழைய தாங்குதிறனை இழந்து நிற்கிறது. ஒருநாள் மீண்டும் முன்னைய அளவு ஹெராயினை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். 'திருந்துதல்' என்னும் அறச்சொல் இந்த இடரைச் சொல்லாது. 'தாங்குதிறன் இழந்தான்' என்று வீட்டாரிடம் சொல்ல ஒருவர் வேண்டும்.

மலேசியாவில் 2005 முதல் மெதடோன் சிகிச்சை வழங்கப்படுகிறது. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்பது தமிழ்க் குடும்பங்களில் எழும் இயல்பான கேள்வி. மெதடோனும் அதே ஏற்பியைத்தான் பற்றுகிறது. ஆனால் வாய்வழி உட்கொள்ளும் அது மெல்ல ஏறி, ஒரு பகலும் ஓர் இரவும் நீடிக்கிறது. ஹெராயினைப் போலச் சில மணி நேரத்தில் இறங்கி உடலைக் கேட்க வைப்பதில்லை. காலையில் ஒருமுறை அருந்தியவன் அன்று வேலைக்குப் போகலாம்.