இரண்டே ஓட்டு

1974 நவம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் செனட் தேர்தல் நடந்தது. வாட்டர்கேட் ஊழலால் அதிபர் நிக்சன் பதவி விலகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாடெங்கும் குடியரசுக் கட்சிக்கு எதிரான காற்று. ஆனால் நியூ ஹாம்ப்ஷயர் அக்கட்சியின் பழைய கோட்டை. வேட்பாளர் லூயிஸ் வைமனோ பல ஆண்டுகளாகப் பிரதிநிதிகள் சபையில் இருந்தவர். எதிரே நின்ற ஜனநாயகக் கட்சியின் ஜான் டர்கின், மாநிலக் காப்பீட்டுத் துறை ஆணையராக இருந்த இளைஞர். வயது 38.

முதல் எண்ணிக்கையில் வைமன் 355 ஓட்டில் வென்றார். டர்கின் மறு எண்ணிக்கை கேட்டார். அதில் அவர் 10 ஓட்டு முந்தினார். வைமன் மாநில வாக்குச்சீட்டு ஆணையத்திடம் முறையிட்டார். கிறிஸ்துமஸ் நெருங்கும் வேளையில் ஆணையத்தின் கணக்கு வந்தது: வைமன் 1,10,926, டர்கின் 1,10,924. முதலில் டர்கினுக்குத் தற்காலிகச் சான்றிதழ் கொடுத்திருந்த ஆளுநர் மெல்ட்ரிம் தாம்சன், அதை ரத்து செய்துவிட்டு வைமனுக்குக் கொடுத்தார்.

இந்தக் குழப்பத்துக்கு யாருடைய சூழ்ச்சியும் காரணமில்லை. வாக்குச்சீட்டின் அமைப்பைப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பத்தி. பத்தியின் தலையில் ஒரு வட்டம். வட்டத்தில் பெருக்கல் குறி போட்டால் எல்லாப் பதவிகளுக்கும் அந்தக் கட்சிக்கே ஓட்டு. தனித்தனிப் பெயருக்கு எதிரேயும் குறி போடலாம். சிலர் குடியரசுக் கட்சியின் வட்டத்தில் குறி போட்டு, கீழே ஒவ்வொரு பெயருக்கும் குறி போட்டு, வைமன் பெயரை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்கள். அது மறதியா, மறுப்பா? வட்டம்தான் பேசும் என்று அதை வைமனுக்கே சேர்த்தது ஆணையம். வேண்டுமென்றே விட்டவரின் ஓட்டை வைமனுக்கே போடுவதா என்று கேட்டது டர்கின் தரப்பு. இரண்டு வாதத்திலும் நியாயம் இருந்தது. சீட்டைப் போட்டவர் யார் என்று தெரியாததால் அவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை.

நம் நாட்டில் இது உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்காகியிருக்கும். அமெரிக்க அரசியல் சட்டமோ, உறுப்பினரின் தேர்தலைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அந்தந்த அவைக்கே தந்திருக்கிறது. டர்கின் செனட்டின் கதவைத் தட்டினார். சந்தேகத்துக்குரிய சுமார் 3,500 சீட்டுகள் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பரிசீலித்த செனட்டின் விதிகள் குழுவில் ஜனநாயகக் கட்சிக்கே பெரும்பான்மை. ஆனால் அலபாமாவின் ஜேம்ஸ் ஆலன் சொந்தக் கட்சியோடு சேராததால் முக்கியக் கேள்விகளில் நாலுக்கு நாலு என்று முட்டி நின்றது.

1975 ஜூனில் விவகாரம் முழு அவைக்கு வந்தது. தீர்க்க வேண்டிய சர்ச்சைகள் 35. ஆறு வாரம், நூறு மணி நேரத்துக்கும் மேல் பேசினார்கள். ஜனநாயகக் கட்சியினர் விவாதத்தை முடிக்க முயன்ற ஒவ்வொரு முறையும் தேவையான ஓட்டு கிடைக்கவில்லை. 35இல் முடிவானது ஒன்றே ஒன்று. ஆளுக்கொரு கட்சிச் சார்போடு உட்கார்ந்திருப்பவர்களிடம் நடுவர் வேலையைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? அத்தனை மாதமும் நியூ ஹாம்ப்ஷயர் மக்களுக்கு செனட்டில் ஒரே குரல்தான். பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள்தான்.

குடியரசுக் கட்சியினர் கேட்டுவந்தது மறுதேர்தல். ஜூலை இறுதியில் டர்கினும் அதற்கு இணங்கினார். ஆகஸ்ட் 8 முதல் இடம் காலியென செனட் அறிவித்தது. முன்பு அந்த இடத்தில் இருந்து ஓய்வு பெற்ற நாரிஸ் காட்டன் இடைக்காலத்துக்கு மீண்டும் வந்து உட்கார்ந்தார்.

செப்டம்பரில் அதிபர் ஃபோர்டே வைமனுக்காக மாநிலத்தைச் சுற்றினார். அதிபர் தேர்தலும் இல்லை, வேறு பதவிகளும் இல்லை. ஒரே ஒரு நாற்காலிக்கான தேர்தல். இப்படிப்பட்ட இடைத்தேர்தலில் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுவது அமெரிக்காவில் வழக்கம். ஆனால் செப்டம்பர் 16ஆம் தேதி, முந்தைய நவம்பரைவிடப் பல்லாயிரம் பேர் கூடுதலாக வந்து ஓட்டுப் போட்டார்கள். இம்முறை எந்தச் சீட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தேவை வரவில்லை. டர்கின் 27,000க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்று செனட்டுக்குப் போனார்.