ஒரே வெப்சைட், ஆளுக்கொரு பதில்! நேம் சர்வர்கள் முரண்பட்டால் உங்க ஆர்டர் மெயில் எங்கே போகும்?

“ஏனுங்க, உங்க சைட்டைத் திறந்தா பழைய பக்கம்தானுங்க வருது!”

சோமனூரில் ஒரு காடா துணி உற்பத்தியாளருக்குத் திருப்பூர் பார்ட்டியிடமிருந்து இப்படி ஒரு போன் வருவதாக வைத்துக்கொள்வோம். அவர் போனில் திறந்தால் புது சைட். பார்ட்டி திறந்தால் பழசு. சைட் பழசாக வந்தால்கூடப் பரவாயில்லை. பார்ட்டி அனுப்பிய ஆர்டர் மெயிலே வந்து சேராவிட்டால்? தறி காலியாக நிற்கும், கூலி போகும். ஏன் இப்படி ஆகுது? விரிவாகப் பார்க்கலாம்.

நேம் சர்வர் என்றால் என்ன?

நாம் டைப் செய்யும் பெயரை, கம்ப்யூட்டருக்குப் புரியும் எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். 1983-ல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்தது. ஒவ்வொரு டொமைனின் முகவரிக் கணக்கும் சில அதிகாரபூர்வ நேம் சர்வர்களில் இருக்கும். ஒன்று படுத்துவிட்டாலும் இன்னொன்று பதில் சொல்ல வேண்டும் என்பதால், குறைந்தது 2 சர்வர்கள் தேவை.

எந்தெந்த சர்வர் என்ற பட்டியல் மேல்மட்டப் பதிவேட்டில் இருக்கும். ‘.காம்’ பதிவேட்டை வெரிசைன் நிறுவனமும், ‘.இன்’ பதிவேட்டை நிக்ஸி அமைப்பும் நிர்வகிக்கின்றன. டொமைன் வாங்கிய கம்பெனியின் பக்கத்தில் நாம் செய்யும் மாற்றம்தான் அங்கே போய்ச் சேரும்.

முரண்பாடு எப்படி வருது?

பழைய ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து புதிய கம்பெனிக்கு மாறும்போதுதான் பெரும்பாலும் சிக்கல். புதிய 2 நேம் சர்வர்களைச் சேர்ப்பவர்கள், ‘பழசு பேக்கப்பாக இருக்கட்டும்’ என்று அந்த 2-ஐயும் விட்டுவிடுவார்கள். இப்போது பட்டியலில் 4 சர்வர்கள்.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பட்டியலில் முதலில் இருப்பது மெயின், கடைசியில் இருப்பது பேக்கப் என்று எந்த விதியும் இல்லை. நான்குக்கும் ஒரே அதிகாரம். கேட்கும் கம்ப்யூட்டர் நான்கில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஒரே குடோனுக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள். ஒருவர் கையில் இந்த வருஷ நோட்டு, இன்னொருவர் கையில் போன வருஷ நோட்டு. லாரிக்காரர் யாரிடம் கேட்கிறாரோ, அவர் சொல்லும் இடத்தில்தான் துணி இறங்கும். இருவருமே பொய் சொல்லவில்லை. அதனால்தான் எங்கேயும் ‘எர்ரர்’ காட்டாது. பழைய மெயில் பெட்டி இன்னும் உயிரோடு இருந்தால், அனுப்பியவருக்கு ‘போயிடுச்சு’ என்றே தெரியும். மெயில் மட்டும் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும்.

‘48 மணி நேரம் பொறுங்க’ என்பது சரியா?

பாதிதான் சரி. ‘.காம்’ பெயர்களின் நேம் சர்வர் பட்டியலை மற்ற கம்ப்யூட்டர்கள் 1,72,800 விநாடிகள், அதாவது 48 மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கலாம். பட்டியலை முழுசாக மாற்றியிருந்தால் இந்தக் காத்திருப்பு போதும். பழசும் புதுசும் கலந்து கிடந்தால், ஒரு வருஷம் காத்திருந்தாலும் சரியாகாது.

பெரிய கம்பெனிக்கும் நடந்திருக்கா?

நடந்திருக்கு. மாஸ்டர்கார்டு வலையமைப்பின் ஒரு பகுதிக்கு 5 நேம் சர்வர்கள். அதில் ஒன்றின் பெயர் ‘.நெட்’ என்று முடிவதற்குப் பதில், கடைசி எழுத்து விடுபட்டு நைஜர் நாட்டுக்குரிய ‘.என்இ’ ஆகிவிட்டது. 2020 ஜூன் முதல் 2025 ஜனவரி வரை இதை யாரும் கவனிக்கவில்லை. மற்ற 4 சர்வர்கள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தன. காலியாகக் கிடந்த அந்தப் பெயரை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சுமார் 300 டாலர் செலவில் தானே பதிவு செய்து, தவறானவர் கைக்குப் போகாமல் தடுத்தார். தங்கள் அமைப்புகளுக்கு ஆபத்து ஏற்படவில்லை என்று கூறிய மாஸ்டர்கார்டு, பிழையைத் திருத்தியது.

என்ன செய்யணும்?

1. மாறுவதற்கு முன்பே சைட் முகவரி, மெயில் முகவரி உட்பட எல்லாப் பதிவுகளையும் புதிய நேம் சர்வரில் ஏற்றுங்கள்.

2. பிறகு பட்டியலில் பழைய பெயர்களை முழுசாக நீக்கி, புதியதை மட்டும் போடுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் சரிபாருங்கள்.

3. புதிய கம்பெனியின் டிஎன்எஸ் பக்கத்திலும் நேம் சர்வர் பட்டியல் இருக்கும். அதில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் குழப்பம் தொடரும்.

4. பழைய கணக்கை உடனே மூடாதீர்கள். குறைந்தது 48 மணி நேரம், அங்கேயும் புதிய முகவரிகளையே வைத்திருங்கள். பழைய மெயில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அதன்பிறகு மூடுங்கள்.

5. கம்ப்யூட்டரில் ‘என்எஸ்லுக்அப்’ கட்டளை மூலம் ஒவ்வொரு நேம் சர்வரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாம் ஒரே பதில் சொன்னால் பிரச்சினை இல்லை.

‘எனக்கு நல்லா திறக்குதே’ என்று விட்டுவிடாதீர்கள். உங்களுக்குத் திறப்பது முக்கியமில்லை. ஆர்டர் கொடுப்பவருக்கு எது திறக்குது என்பதுதான் முக்கியம்.