இறால் வடையும் வயிற்றோட்டமும்: விற்பவரும் உண்பவரும் அறிய வேண்டியவை

மாலையில் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போனால் இறால் வடை வாங்காமல் நான் திரும்புவதில்லை. வன்னியில் இப்படிச் சிற்றுண்டி விற்றுப் பிழைப்பவர்களில் போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களும் உள்ளனர். வடை சாப்பிட்ட ஒருவருக்கு வாந்தி என்ற கதை பரவினால் அவர்களின் அன்றாட வருமானமே நின்றுவிடும். ஆகவே இது இரு தரப்புக்குமான விடயம்.

கொதிக்கும் எண்ணெய் பற்றீரியாக்களைக் கொல்லும். ஆபத்து பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னுமே இருக்கிறது.

கடல் மற்றும் களப்பு நீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ பற்றீரியா இறால், நண்டு, கணவாயில் இருக்கலாம். 1950 இல் ஜப்பானின் ஒசாக்காவில் அரைகுறையாக உலர்த்திய சிறு மீன்களைச் சாப்பிட்ட 272 பேர் நோயுற்றனர். 20 பேர் இறந்தனர். இவ்வகைப் பற்றீரியா ஒன்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது அப்போதுதான். பச்சை இறால் வைத்த தட்டிலேயே பொரித்த வடையை வைத்தால் அது மீண்டும் தொற்றிக்கொள்ளும்.

கையிலுள்ள புண், மூக்குச்சளி வழியாக ஸ்டஃபைலோகொக்கஸ் உணவில் சேரும். அது உருவாக்கும் நஞ்சு சூடாக்கினாலும் அழியாது. ரோல்ஸ், பற்றிஸுக்கு அவித்துப் பிசைந்த மீன் கறியை மணிக்கணக்கில் வெளியே வைக்கக்கூடாது என்பது இதனால்தான். ஐஸ் இல்லாமல் கிடந்த சூரை மீனில் உண்டாகும் ஹிஸ்டமினும் சமைத்தால் போகாது. முகம் சிவந்து, தலையிடியும் கடியும் வரும்.

5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் பற்றீரியா வேகமாகப் பெருகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானால், ஒன்று 7 மணித்தியாலத்தில் 20 இலட்சத்தைத் தாண்டும்.

விற்பவர்களுக்கு: இறாலை ஐஸிலேயே வைத்திருங்கள். பச்சைக்கும் பொரித்ததற்கும் தனித்தனித் தட்டு, இடுக்கி வேண்டும். காசு வாங்கிய கையால் வடையைத் தொடாதீர்கள். சம்பலுக்குக் கொதித்தாறிய நீரைப் பயன்படுத்துங்கள். பொரித்ததை 2 மணித்தியாலத்துக்குள், கடும் வெயிலென்றால் 1 மணித்தியாலத்துக்குள் விற்றுவிடுங்கள்.

வாங்குபவர்களுக்கு: கண்முன்னே பொரித்ததைச் சுடச்சுட வாங்குங்கள். மணம் நன்றாக இருப்பதால் மட்டும் உணவு பாதுகாப்பானதாகிவிடாது.

வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கரைத்துக் குடியுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல் கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிறுவர், கர்ப்பிணிகள், முதியோர் விடயத்தில் தாமதிக்கவே வேண்டாம்.

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் வீதியோர வியாபாரத்துக்கும் பொருந்தும். முறைப்பாடானாலும் ஆலோசனையானாலும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடலாம். விற்பவர்கள் அவர் தேடி வரும் வரை காத்திருக்காமல், தாமே போய்க் கேட்பது தொழிலுக்கும் நல்லது.