குருவில்லாத காலத்துச் செபம்

1658ஆம் ஆண்டின் முற்பகுதியில் மன்னாரும், அவ்வாண்டு ஆனி மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாயின. கொழும்பு ஈராண்டுகளுக்கு முன்னரே அவர்கள் கைக்கு மாறியிருந்தது. போர்த்துக்கேயர் நாட்டை விட்டகன்றனர். அவர்களோடு குருமாரும் வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டிலேயே ஒரு கட்டளையும் பிறந்தது: கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்போர் மரணதண்டனைக்கு உரியவராவர் என்பதே அக்கட்டளை. கோவில்கள் சீர்திருத்த மதத்தாரின் தொழுகைக்கும் பாடசாலைக்கும் உரியனவாயின. பூசை நின்றது, பாவசங்கீர்த்தனம் நின்றது, மரணப் படுக்கையில் அவஸ்தைப்பூசுதல் கொடுப்பாரும் இல்லாமற்போயினர்.

கத்தோலிக்க சமயமோ குருவையும் பீடத்தையும் நடுவாகக் கொண்டு அமைந்த சமயம். அவை இரண்டையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன என்ற வினாவுக்கு, வடபுலத்துக் குடிமக்கள் முப்பது ஆண்டுகள் தம் வாழ்க்கையாலேயே விடை கூற வேண்டியதாயிற்று.

எஞ்சியது மனனம். அதன் தொடக்கம் பிரான்சிஸ் சவேரியார் காலத்தது. 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. உதவியாளரைக் கொண்டு விசுவாச மந்திரம், பரமண்டல மந்திரம், அருள்நிறை மந்திரம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழாக்குவித்துத் தாமே அவற்றை மனனம் செய்தார். பின்னர் கையில் மணியொன்றை ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டி, வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக் கொடுத்தார். ஊர்தோறும் கணக்கப்பிள்ளை என்னும் உபதேசியாரை நியமித்து, தாம் இல்லாத நாளிலும் செபம் நடைபெற வழிசெய்தார். 1544இல் அவர் அனுப்பிய குரு ஒருவரின் வாயிலாக மன்னார் மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். அதே ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் வாளுக்கு அவர்களுட் பலர் இரையாயினர். அவ்வாறு மடிந்தவர்கள் சில மாதங்களே கிறிஸ்தவராக இருந்தவர்கள். அவர்களிடம் நூல் இல்லை; நெஞ்சில் பதிந்த சில மந்திரங்களே இருந்தன.

சவேரியாருக்குப் பின் வந்த அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளார் தமிழை முறையாகக் கற்றவர். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், 1586இல் வெளிவந்த அடியார் வரலாறு ஆகியவை அவர் உழைப்பின் பயன்கள். எனினும் அந்நூல்கள் எளிய மக்களின் வீடுகளை எட்டவில்லை. பெரும்பாலோருக்குச் செபமென்பது ஓதப்படும் ஒலியாகவே இருந்தது. இதனைக் குறையென்று இகழ்வது எளிது. ஆனால், ஏட்டைப் பறிக்கலாம், கோவிலைப் பூட்டலாம், நாவில் ஊறிய ஒலியைப் பறிப்பதற்கு எந்த அரசிடமும் கருவியில்லை என்பதும் எண்ணத்தக்கது.

ஒல்லாந்தரும் மனனத்தின் வலிமையை அறியாதவரல்லர். 1658 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பிலிப்பஸ் பல்தேயஸ் என்னும் போதகர் தமிழ் கற்றவர். 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியான அவருடைய நூலில் பரமண்டல மந்திரம் தமிழெழுத்திலேயே இடம்பெற்றது. கோவிற்பற்றுதோறும் பாடசாலை நடந்தது. அங்கும் பிள்ளைகள் பரமண்டல மந்திரத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் மனனம் செய்தனர். ஞானஸ்நானமும் விவாகமும் ஒல்லாந்தக் கோவிலிற் பதிவாகாவிடின் சொத்துரிமைக்குச் சிக்கல் நேரும், உத்தியோகமும் கிட்டாது. ஆதலால் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றின் பெயர்கள் தோம்பிற் சீர்திருத்த மதத்தாராகவே பதிவாயின.

இந்த இரட்டை வாழ்வில் ஒரு விந்தை உண்டு. பகலிற் பாடசாலையில் பிள்ளை ஓதிய பரமண்டல மந்திரமும், இரவில் தாயிடம் ஓதிய பரமண்டல மந்திரமும் பொருளால் ஒன்றே. வேறுபாடு அதனைத் தொடர்ந்து வந்த அருள்நிறை மந்திரத்திலேதான் இருந்தது. கத்தோலிக்க வீட்டைப் பிற வீட்டினின்று பிரித்துக் காட்டியது செபமாலை ஒன்றே எனலாம். அது மணிகளை எண்ணும் வெறும் கணக்கன்று. 1569இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் உறுதிப்படுத்திய முறைப்படி, ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு தேவ இரகசியம் உண்டு: மங்கள வார்த்தை, மாட்டுக் கொட்டிலிற் பிறப்பு, பூங்காவனத்து இரத்த வியர்வை, சிலுவை மரணம், உயிர்ப்பு என்றவாறு பதினைந்து. நாவு மந்திரத்தை ஓத, மனம் அந்நிகழ்ச்சியைக் காண வேண்டும். எழுத்தறியாத ஒரு மூதாட்டியும் நூலின்றித் தியானிக்கக்கூடிய முறை இது. கிழமைக் கணக்குப்படி செவ்வாயும் வெள்ளியும் துயர இரகசியங்களுக்கு உரியன. கிழமையில் இரு நாள் கர்த்தர் பாடுகளை எண்ணாத கத்தோலிக்க வீடு முறைப்படி செபமாலை சொல்லும் வீடாகாது.

ஆயினும் காலம் செல்லச் செல்ல மனனம் தேயும். 1658இற் பத்து வயதாயிருந்த சிறுவன் 1687இல் முப்பத்தொன்பது வயதினன். அவனுடைய மக்கள் பூசை கண்டவரல்லர். அவர்கள் வீட்டிற் கேட்ட சொற்களின் பொருளை யாரிடம் கேட்டறிவது? கேட்க ஆளில்லாத செபம் இரண்டொரு தலைமுறையில் மந்திர உச்சாடனமாக இறுகிவிடும், அதன்பின் மறையும். ஒல்லாந்தரின் தண்டனைச் சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து இதுவே.

1687ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலிருந்து கூலியாளின் வேடத்தில் ஒருவர் கப்பலேறினார். ஒரே துணைவன் யோவான் என்னும் பணியாள். வழியிற் பட்ட துன்பத்தால் நலிந்து, வயிற்றளைச்சல் நோயோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அம்மனிதரே யோசேவாஸ் அடிகள். 1651இல் கோவாவைச் சேர்ந்த பெனௌலிம் ஊரிற் பிறந்த கொங்கணி அந்தணர் அவர். பறங்கிக் குருவைத் தேடிய காவலரின் கண்ணுக்கு, வெறுங்காலோடு கந்தை உடுத்துத் திரிந்த மாநிறத்தவர் ஒருவர் குருவாகத் தோன்றவில்லை. கத்தோலிக்கர் யாரென அவருக்குத் தெரியாது. வெளிப்படையாகக் கேட்கவும் இயலாது. ஆகவே செபமாலையைக் கழுத்திலணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டதும் எவர் முகம் மாறுகிறது என்று நோக்கினார். முகம் மாறியவர் இருந்தனர். சில்லாலை என்னும் ஊர் அவருக்குப் புகலிடமாயிற்று. பகலில் ஒளிந்திருந்து இரவிற் பூசை நிறைவேற்றினார்.

அடிகளின் துணிவைப் புகழ்ந்து பேசுவோர் அவர் எந்தச் சபையிலிருந்து வந்தார் என்பதைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றனர். அவர் 1685இல் சேர்ந்தது கோவாவில் சுதேசக் குருமாரைக் கொண்டு உருவாகிய ஒறற்றோரியன் சபை. ஒறற்றோரியம் என்ற சொல்லுக்குச் செபக்கூடம் என்பது பொருள். உரோமையில் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் பிலிப்பு நேரியார் தம் அறையிலே பொதுமக்களைக் கூட்டி, ஒரு நூலைப் படிக்கச் செய்து, அதுபற்றி எளிய மொழியிற் பேச வைத்து, சிறிது நேரம் மௌனமாக இருக்கச் செய்து, பாட்டோடு முடிக்கும் வழக்கத்திலிருந்து அச்சபை பிறந்தது; 1575இற் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றது. கடைக்காரரும் தொழிலாளரும் வந்தமர்ந்த அந்த அறையில் தியானம் துறவிகளின் தனிச்சொத்தாக இருக்கவில்லை. குருவில்லாத ஒரு நாட்டுக்கு இதனினும் பொருத்தமான பயிற்சியோடு ஒருவர் வந்திருக்க முடியாது.

1687 தொடக்கம் 1696 வரை, ஒன்பது ஆண்டுகள், இத்தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. யாழ்ப்பாணத்திற் கெடுபிடி மிகவே புத்தளம் சென்றார். அங்கிருந்து 1692இற் கண்டி சேர்ந்து, போர்த்துக்கேய ஒற்றனென்ற ஐயத்தின்பேரிற் சிறைப்பட்டார். பின் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்றார். ஓர் ஊருக்கு அவர் ஆண்டுக்கொருமுறை வந்தாலே பெரிது. எஞ்சிய நாட்கள் யாருடையவை? அதற்கெனவே ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். மூப்பர் சபையின் காரியங்களைப் பார்ப்பவர். அண்ணாவியார் செபத்தை நடத்துபவர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்பவர். அவசரத்தில் ஞானஸ்நானமும் கொடுப்பவர். குரு வரும் நாள் திருநாள். ஆனால் வாழ்க்கை நடந்தது அண்ணாவியாரின் கையிற்றான்.

ஆளை நியமித்தாயிற்று. அவர் எதைப் படித்துக் காட்டுவது என்ற கேள்வி நின்றது. அதற்கு விடையாக 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார். 1676இற் கோவாவின் திவார் தீவிற் பிறந்த அவர் சிங்களத்தையும் தமிழையும் ஆழக் கற்று, இரு மொழிகளிலுமாக இருபதுக்கு மேற்பட்ட நூல்களை இயற்றினார். தேவ அருள் வேத புராணம், சுவிசேஷ விரித்துரை, வியாகுலப் பிரசங்கம் என்பன தமிழிற் குறிப்பிடத்தக்கவை. 1737இற் கொழும்பில் ஒல்லாந்தரின் அச்சுக்கூடம் சிங்கள நூலை அச்சிட்டது. தமிழிலும் நூல்கள் தொடர்ந்தன. அடிகளாருக்கோ ஏடும் எழுத்தாணியுமே துணை. பனையோலையிற் பிரதி செய்து ஊரூராக அனுப்பினர். ஓலைக்கட்டு ஒன்றை மடியில் மறைத்துக் கொண்டுபோகலாம். பீடத்தையும் சொரூபத்தையும் அவ்வாறு கொண்டுபோக இயலாது.

அதே காலத்தில் தமிழகத்தில் வீரமாமுனிவர் தேம்பாவணியை இயற்றினார். அது புலவர் அவைக்குரிய காவியம். உபதேசியார்க்கென அவர் எழுதிய வேதியர் ஒழுக்கம் உரைநடையில் அமைந்தது. கொன்சால்வஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கமோ கண்ணுக்கென எழுதப்படவில்லை, காதுக்கென எழுதப்பட்டது. கர்த்தருடைய பாடுகளைப் பற்றிய ஒன்பது பிரசங்கங்கள் அதில் உள்ளன. அதனை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்க வேண்டும். வாசிப்பதும் சாதாரண வாசிப்பன்று, துயரந் தோய்ந்த ஓர் இராகத்தில் இழுத்து ஓதுவது. ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த செவிகளுக்கு அந்த ஓசை புதிதன்று. இழவு வீட்டிற் பழகிய துயரத்தின் குரலை எடுத்து, அதனைச் சிந்தனையின் வாயிலாக்கினார் அடிகளார். செபமாலையின் துயர இரகசியத்தை ஓரிரு சொற்களால் எண்ணிக் கடந்த மனம், இங்கே அதே நிகழ்ச்சியின் முன் நெடுநேரம் நின்றாக வேண்டியிருந்தது. ஒலியாக இறுகிக்கொண்டிருந்த செபத்துக்குப் பொருள் திரும்பக் கிடைத்த இடம் இதுவே எனில் மிகையாகாது.

அந்நூலின் வடமொழி கலந்த நடை பிற்காலத்தார் சிலருக்குக் கடினமாகத் தோன்றியதுண்டு. ஆனால் ஆண்டுதோறும் கேட்கும் நூலை அகராதி கொண்டு விளங்கிக்கொள்வார் இல்லை. சிறுவயதில் விளங்காத சொல் முதுமையில் விளங்கும். விளங்கிய சொல் மீண்டும் கேட்கையில் வேறொரு பொருள் தரும். தினந்தோறும் செபிப்பவரும் இதனை அறிவர்.

யோசேவாஸ் அடிகள் 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் நாள் கண்டியிற் காலமானார். கொன்சால்வஸ் அடிகளார் 1742இற் போலவத்தையில் மறைந்தார். ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்தது. கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை 1806இல் ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லண்ட் நீக்கினார். 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் வந்தனர். கோவில்கள் கல்லாற் கட்டப்பட்டன. 1876இல் யாழ்ப்பாணத்திற் சத்தியவேத பாதுகாவலன் பத்திரிகை தோன்றியது. ஓலையிலிருந்தவை அச்சேறின. 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ், யோசேவாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார்.

தபசுகாலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உள்ள கோவில்களில் வியாகுலப் பிரசங்கம் இன்றும் ஓதப்படுகின்றது. கோவிலிற் குரு இருக்கின்றார். ஆனால் பிரசங்கத்தை ஓதுவது அவரல்லர். மூத்தவரிடம் இராகம் பயின்ற ஊரவர் சிலர் முன்வந்து நின்று முறைமாற்றி ஓத, குருவும் மக்களோடு அமர்ந்து கேட்கின்றார்.