வயலினுக்கு ஒரு அக்கா உண்டு

 கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

நாலாம் வகுப்பு படிக்கும் எங்கள் பேத்தி போன வாரம் அடையாறில் மேற்கத்திய இசை வகுப்பில் சேர்ந்தாள். வயலின் கற்கப் போனவளின் கையில் ஆசிரியர் வயோலாவைக் கொடுத்திருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே ஆரம்பித்துவிட்டது. "வயலின் கிடைக்கலையா?" "இதை வச்சுண்டு கச்சேரி பண்ண முடியுமா?" கடைசியில் குழந்தையே, "பாட்டி, வயலின் வராதவங்களுக்குத்தான் இதைக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் சபாக்களில் வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அதுவே இங்கே வந்து குடியேறிய வாத்தியம்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் 1786-ல் பிறந்தவர். குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் முதலியார் ஆதரவில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புள்ள அந்த முதலியார் இவர்களைக் கோட்டைக்கு அழைத்துப் போய் ஐரோப்பிய பாண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாஹித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். தம்பியோ ஒரு ஐரோப்பியரிடம் மூன்று வருஷம் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதில் தேர்ந்து, 1834-ல் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகப் பெற்றார். 'இது நம் கச்சேரிக்கு ஆகுமா' என்று அன்றும் யாராவது கேட்டிருப்பார்கள்!

சரி, வயோலா? பார்க்க வயலின் மாதிரியே இருக்கும், உடம்பு கொஞ்சம் பெரிது. வயலினின் உடல் சுமார் 14 அங்குலம். வயோலாவுக்கு நிலையான அளவே கிடையாது, 15 முதல் 17 அங்குலம் வரை இருக்கும். வயலினின் மெல்லிய உச்சத் தந்தி இதில் இல்லை. அதற்குப் பதில் கீழே ஒரு தடித்த தந்தி. அதனால் குரல் கனமாக, நெஞ்சிலிருந்து வருவதுபோல் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் வித்வானுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவர் வயலினை ச-ப-ச-ப என்று சேர்ப்பார். அப்போது அதன் தடித்த இரண்டு தந்திகளும் வயோலாவின் தடித்த இரண்டு தந்திகளின் சுருதியிலேயே வந்து நிற்கும். மேலே உள்ள இரண்டும் வயோலாவைவிட ஒரு முழு ஸ்வரம்தான் இறங்கியிருக்கும். அதாவது, இத்தனை வருஷமாக நாம் வயலினில் கேட்டுப் பழகியது பாதி நேரம் வயோலாவின் குரலைத்தான். பாலமுரளிகிருஷ்ணா வயோலாவையே கையில் எடுத்து நம் ராகங்களை வாசித்தும் காட்டினார்.

கோடம்பாக்கமும் உண்டு. சினிமாப் பாட்டில் வயலின்கள் மேலே பறக்கும்போது நடுவில் தாங்கிப் பிடிப்பது வயோலாக்கள். அந்த உலகத்திலிருந்து வந்த வி.எஸ். நரசிம்மனின் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் வயோலா வாசித்தவர் பி.ஜே. சந்திரன். வெளிநாட்டிலும் பாக், மொசார்ட் இருவரும் நாலு பேரோடு சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தால் விரும்பி எடுத்தது வயோலாவைத்தான். தோற்றவர்களின் வாத்தியமா அது?

இப்போது என் தப்பு ஒன்று. 1987 வாக்கில் தி.நகர் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு 'என் அப்பா' என்று கட்டுரை கொடுத்தேன். ஒரு பையன், "என் அப்பா ரெக்கார்டிங்கில் வயோலா வாசிக்கிறார்" என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழை என்று நினைத்து, சிவப்பு மையால் அடித்து 'வயலின்' என்று திருத்தி, அரை மார்க்கும் குறைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் 'வயலின்' என்று ஐந்து தரம் எழுதிக்கொண்டு வந்தான். பல வருஷம் கழித்து ஒரு மேடையில் அந்த வாத்தியத்தின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு உடம்பு கூசிப் போயிற்று. அவன் அப்பாவின் தொழிலையே அல்லவா நான் அடித்துத் திருத்தியிருக்கிறேன்!

வீட்டில் யாராவது வயோலா தொடங்கினால், இசை ஆசிரியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நாலு விஷயம்:

1. யூனிஃபார்ம் மாதிரி 'வளர்ந்தா சரியாயிடும்' என்று பெரிதாக வாங்காதீர்கள். சின்னக் குழந்தைக்குச் சின்ன வயலினிலேயே வயோலா தந்திகளைப் போட்டுக் கொடுப்பார்கள். அது போதும்.

2. தினமும் பதினைந்து நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதில் பலன் இல்லை. கழுத்தோ தோளோ வலித்தால் நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

3. இதன் நோட்டேஷன் குறியே வேறு. நடுக்கோட்டில்தான் நடு 'சி' வரும். வயலின் கற்கும் அக்காவோடு ஒப்பிட்டு 'ஏன் மெதுவா படிக்கிறே' என்று கேட்காதீர்கள்.

4. நம் ஊர்க் கடல் காற்றும் வெயிலும் மரத்துக்கு ஆகாது. வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி, தந்தியில் படிந்த ரோஸின் பொடியைத் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். காரில் விட்டுவிட்டு வராதீர்கள்.

முதல் மாதம் கரகரவென்றுதான் சத்தம் வரும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் கேட்கிறது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பையன் இதைப் படித்தால்: நீ எழுதியதுதான் சரி, கண்ணா. அந்த அரை மார்க்கை இத்தனை வருஷம் கழித்துப் போட்டுவிட்டேன். அப்பாவிடம் டீச்சர் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உங்கள் டீச்சர், மயிலாப்பூர்