நல்லெண்ணமும் கவனமும்: ஒரு சட்டச்சொல்லின் வரலாறு

1. முன்னுரை

ஆள்மாறிச் சுட்டுக் கொன்ற காவலரின் பொறுப்பு யாது என்னும் வினாவிற்கு இந்தியச் சட்டம் தரும் விடை, பெரிதும் ஒரு தொடரின் பொருளைச் சார்ந்தது. ஆங்கிலத்தில் 'குட் ஃபெய்த்' எனப்படும் அத்தொடர் தமிழில் 'நல்லெண்ணம்', 'நன்னம்பிக்கை' என வழங்குகிறது. அதன் பொருளெல்லையை 1997ஆம் ஆண்டுத் தில்லி நிகழ்ச்சியின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இரு சட்டங்கள், இரு பொருள்கள்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 52ஆம் பிரிவில் இத்தொடரை எதிர்மறையாக வரையறுத்தது. உரிய கவனமும் கருத்துமின்றிச் செய்யப்பட்டதோ நம்பப்பட்டதோ எதுவும் நல்லெண்ணத்தின்பாற்படாது என்பது அவ்வரையறை. 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டமோ, கவனக்குறைவு இருப்பினும் நேர்மையாகச் செய்யப்பட்டது நல்லெண்ணத்தில் செய்யப்பட்டதே என்கிறது. முன்னதில் கவனம் இன்றியமையாப் பொருட்கூறு. பின்னதில் நேர்மை ஒன்றே போதும்.

தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் அமைந்த மூன்றாம் விதிவிலக்கு இவ்வேறுபாட்டின் பயனைக் காட்டும். அதிகார வரம்பு மீறி உயிரிழப்பை விளைவித்த பொது ஊழியர், தம் செயல் சட்டமுறையானது, கடமைக்குத் தேவையானது என நல்லெண்ணத்தில் நம்பியிருந்து, இறந்தவர்பால் பகைமையும் கொண்டிராவிடின், அச்செயல் கொலையாகாது. எனவே, காவலர் உண்மையாகவே நம்பினாரா என்பதோடு வினா முடிவதில்லை. நம்புமுன் உரியவாறு சரிபார்த்தாரா என்பதும் உடன் எழுகிறது.

3. தில்லி வழக்கு

1997 மார்ச் 31 அன்று தில்லி கன்னாட் பிளேஸ் பகுதியில், தேடப்பட்ட குற்றவாளி இருப்பதாகக் கருதி ஒரு காரைக் குற்றப்பிரிவுக் காவலர் சுட்டனர். காரில் இருந்தோர் வேறு மனிதர். வணிகர் இருவர் இறந்தனர், ஒருவர் காயமுற்றார். காரிலிருந்தே முதலில் சுடப்பட்டது என்னும் தற்காப்பு வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. காரில் கைப்பற்றியதாகக் காட்டப்பட்ட துப்பாக்கி, காவலரால் வைக்கப்பட்டதே எனக் கண்டன. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த இவ்வழக்கில், உதவி ஆணையர் உட்படப் பதின்மருக்கு 2007இல் வாழ்நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் 2009இலும் உச்ச நீதிமன்றம் 2011இலும் அதனை உறுதி செய்தன. மூன்றாம் விதிவிலக்கோ, மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படிந்தோம் என்னும் வாதமோ அவர்களைக் காக்கவில்லை.

4. முடிவுரை

'நல்லெண்ணம்' என்பது பொதுவழக்கில் பிறர் நலம் கருதும் மனநிலையைக் குறிக்கும். 'நல்லெண்ணத் தூதுக்குழு' என்னும் ஆட்சி இதற்குச் சான்று. கவனம் என்னும் கூறு அதில் இல்லை. 'நன்னம்பிக்கை'யிலும் இல்லை. ஆதலின் காவலரின் மனத்தூய்மையே அளவுகோல் எனத் தமிழ்வாசகர் கொள்ள இடமுண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் பழைய வரையறையையே தொடர்வதால் இவ்விடர்ப்பாடு நீங்கவில்லை.

சட்டவாசகத்தை விரித்தெழுத மொழிபெயர்ப்பாளருக்கு உரிமையில்லை. எனினும், தீர்ப்புச் சுருக்கத்திலும் செய்தியிலும் இச்சொல் முதன்முறை வருமிடத்தில் 'உரிய கவனத்தோடு கூடிய நல்லெண்ணம்' என எழுதலாம். அவ்வாறு எழுதாவிடின், இறந்தோர் தரப்பு கேட்க உரிமையுள்ள வினா மொழிபெயர்ப்பிலேயே மறைந்துபோகும்.